ஆங்கிலப் பாடம்: தவணை சொல்லும் "பை"

கடை வைத்திருப்பவர் வாயில் விலைக்கு அடுத்தபடி அதிகம் புரளும் பேச்சு தவணைப் பேச்சு. "சரக்கு எப்போது வரும்?" "பணம் எப்போது தருவீர்கள்?" இவ்விரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் சுங்கை லாலாங்கிலோ பீடோங்கிலோ ஒரு கடையும் ஒரு நாளைக் கழிப்பதில்லை. தமிழில் கேட்டால் தமிழில் சொல்லிவிடுகிறோம். மலாயில் கேட்டால் மலாயிலும் தடையில்லை. பினாங்கு மொத்த வியாபாரிக்கோ, கம்பெனிக்கோ, பாங்கிக்கோ ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டி வரும்போதுதான் பேனா தயங்குகிறது. பேனா போய்க் கைபேசி வந்துவிட்டது. தயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்பாடத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சிறு சொல். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து: "பை". தோளில் மாட்டும் பை அன்று. "இன்னாரால்" என்ற பொருளிலும், "பஸ்ஸில்", "லாரியில்" என்ற பொருளிலும் வருகின்ற அதே சொல், ஒரு நாளுக்கோ மணிக்கோ முன்னால் வந்து நின்றால் தவணைச் சொல்லாகிவிடுகிறது.

"ஐ வில் பே பை ஃபிரைடே." வெள்ளிக்கிழமைக்குள் பணம் தருவேன்.

"தி லாரி வில் கம் பை டென்." பத்து மணிக்குள் லாரி வந்துவிடும்.

"ப்ளீஸ் சென்ட் தி ரைஸ் பை டுமாரோ." தயவு செய்து நாளைக்குள் அரிசியை அனுப்புங்கள்.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, வெள்ளிக்கு முன்னால் புதனிலோ வியாழனிலோ கொடுத்தாலும் சொன்ன சொல் நிறைவேறிவிட்டது. இரண்டாவது, வெள்ளியும் அந்தத் தவணையில் சேர்ந்தது. வெள்ளியன்று கொண்டுபோய்க் கொடுப்பவரை "பிந்திவிட்டீர்" என்று சொல்ல முடியாது. தமிழில் "வெள்ளிக்குள்" என்றால் வெள்ளியும் சேருமா சேராதா என்று கல்லாவுக்கு முன்னால் வாக்குவாதம் நடப்பதுண்டு. ஆங்கிலத்தின் "பை"யில் அந்தச் சந்தேகம் இல்லை. வெள்ளி சேரக்கூடாதென்று எண்ணினால் "பிஃபோர் ஃபிரைடே" என்று எழுத வேண்டும். மலாயில் "செபெலும் ஜுமாஅத்" என்பதும் இதுதான், வெள்ளிக்கு முன். "பை ஃபிரைடே" என்பதற்கு மலாயில் நெருங்கி வருவது "செலேவாட்-லேவாட்ஞா ஜுமாஅத்", அதாவது பிந்திப் போனாலும் வெள்ளி.

"ஆன் ஃபிரைடே" என்பது வேறு. வெள்ளியன்றே, முன்னுமில்லை, பின்னுமில்லை. கிடங்கில் இடமில்லாத கடைக்காரர் "பை ஃபிரைடே" என்று எழுதிவிட்டுச் செவ்வாய்க்கிழமையே வந்து நிற்கும் லாரியைத் திட்டிப் பயனில்லை. அவர் எழுதியிருக்க வேண்டியது "ஆன் ஃபிரைடே".

இனி நம்மவர்கள் அதிகம் இடறும் இடத்துக்கு வருவோம். இடறலுக்குக் காரணம் நம் தமிழே. தமிழில் "வெள்ளிக்குள்" என்கிறோம்; "பத்து நாளுக்குள்" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் "உள்" ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. நாளைக் காட்டும் புள்ளியாக இருந்தால் "பை". நாட்களின் நீளமாக இருந்தால் "வித்தின்". வெள்ளி, 15ஆம் தேதி, ஐந்து மணி, மாதக் கடைசி, இவையெல்லாம் புள்ளிகள். பத்து நாள், இரண்டு வாரம், ஒரு மணி நேரம், இவை நீளங்கள். ஆகவே "பை டென் டேஸ்" என்று எழுதுவது பிழை; "வித்தின் டென் டேஸ்" என்பது சரி. "வித்தின் ஃபிரைடே" என்று எழுதுவதும் பிழையே. முழத்தால் அளப்பதா, முளை அடித்துக் காட்டுவதா என்று ஒரு கணம் யோசித்தால் போதும். முழத்துக்கு "வித்தின்", முளைக்குப் "பை".

இன்னொரு கண்ணி "இன் டென் டேஸ்". தமிழில் "பத்து நாளில் தருகிறேன்" என்றால் ஏழாம் நாளும் கொடுக்கலாம், பத்தாம் நாளும் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் "ஐ வில் பே இன் டென் டேஸ்" என்று படிப்பவர், பத்து நாள் கழிந்த பிறகுதான் பணம் வரும் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். பத்து நாளுக்குள் தருவதாக உத்தேசம் என்றால் "வித்தின்" என்ற சொல்லையே எழுதுக. சலுகை விலை கேட்டு எழுதும்போது இந்த ஒரு சொல்லால் பேரம் கெடக்கூடும். விரைவில் கொடுப்பவருக்குத்தானே தள்ளுபடி?

அடுத்தது "டில்", "அன்டில்". இரண்டும் ஒன்றே, தமிழில் "வரை". ஒரு காரியம் அதுவரை தொடர்ந்து நடக்கும் என்றால் இதைச் சொல்ல வேண்டும்.

"தி ஷாப் இஸ் ஓப்பன் டில் டென்." பத்து மணி வரை கடை திறந்திருக்கும்.

"ப்ளீஸ் கீப் தி கூட்ஸ் டில் ஃபிரைடே." வெள்ளி வரை சரக்கை வைத்திருங்கள்.

கடை திறந்திருப்பதும் சரக்கை வைத்திருப்பதும் நீண்டுகொண்டே போகும் காரியங்கள். பணம் கட்டுவதும் சரக்கை இறக்குவதும் ஒரு தடவையில் முடிகிற காரியங்கள். முடிகிற காரியத்துக்குப் "பை", நீளுகிற காரியத்துக்கு "டில்". "ஐ வில் பே டில் ஃபிரைடே" என்று எழுதினால் வெள்ளி வரை நாள்தோறும் பணம் கட்டிக்கொண்டே இருப்பேன் என்றல்லவா பொருள் படும்! மொத்த வியாபாரிக்கு அதில் ஆட்சேபம் இராது.

"நாட்" சேர்ந்தால் "டில்" வேறொரு வேலை செய்யும். "ஐ கேனாட் பே டில் ஃபிரைடே" என்றால் வெள்ளிக்கு முன் கொடுக்க இயலாது, வெள்ளியன்றுதான் கொடுக்க முடியும் என்று பொருள். "ஐ கேனாட் பே பை ஃபிரைடே" என்றால் வெள்ளிக்குள்ளும் கொடுக்க இயலாது, அதற்குப் பின்னர்தான். இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவது வெள்ளியன்று பணம் வரும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. இரண்டாவது அந்த நம்பிக்கையை எடுத்துவிடுகிறது. கடிதத்தை அனுப்புமுன் இந்த இடத்தை இரண்டு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

பெருநாள் விடுமுறைக்குக் கதவில் ஒட்டும் அறிவிப்பிலும் இதே கவனம் வேண்டும். "க்ளோஸ்ட் டில் மண்டே" என்று எழுதினால் திங்களன்று கடை உண்டா இல்லையா என்று வாடிக்கையாளர் விழிப்பார். "வில் ரீஓப்பன் ஆன் மண்டே" என்று எழுதிவிட்டால் விவகாரம் தீர்ந்தது.

சொல் இவ்வளவுதான். ஆனால் கெடாவில் வியாபாரம் செய்பவருக்குச் சொல் மட்டும் போதாது. "பை தி வீக்கெண்ட்", "பை தி எண்ட் ஆஃப் தி வீக்" என்ற தொடர்களைப் பாருங்கள். வாரக் கடைசிக்குள் என்று பொருள். எந்த வாரக் கடைசி? கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பாங்கிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா நதியைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்துக்குள் போய்விட்டால் விடுமுறை சனியும் ஞாயிறும். ஆகவே சுங்கைப் பட்டாணியில் இருப்பவர் "வாரக் கடைசிக்குள்" என்றால் அவர் மனத்தில் இருப்பது வியாழன் மாலை. பட்டர்வொர்த்தில் அதைப் படிப்பவர் மனத்தில் எழுவது வெள்ளி மாலை. ஒரு நாள் வித்தியாசம். கடை எல்லா நாளும் திறந்திருக்கலாம். காசோலை, லைசென்ஸ் காரியம், கம்பெனிக் கணக்கர், இவை எல்லா நாளும் திறந்திருப்பதில்லையே. இரு பக்கமும் சேர்ந்தாற்போல் வேலை நடக்கும் நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். ஜொகூரில் 2014ஆம் ஆண்டு வெள்ளி சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி ஞாயிறுக்குத் திரும்பினார்கள். அங்கே சரக்கு எடுப்பவர்கள் பழைய வழக்கத்தை மனத்தில் வைத்துத் தவணை சொல்லிவிடக் கூடாது.

ஆகவே "வீக்கெண்ட்" என்ற சொல்லை வியாபாரக் கடிதத்தில் எழுதாமல் இருப்பதே மேல். "பை தர்ஸ்டே, ஃபைவ் பி. எம்." என்று நாளையும் மணியையும் எழுதிவிட்டால் கெடாவுக்கும் பினாங்குக்கும் ஒரே பொருள்.

நம்மவர்களுக்கே உரிய மற்றொரு சிக்கல் உண்டு. நாம் "வெள்ளி இரவு" என்றால் அது வியாழன் மாலை மஃரிபிலிருந்து தொடங்கும் இரவு. இஸ்லாமிய வழக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. மலாய்க்காரர்கள் "மாலம் ஜுமாஅத்" என்பதும் இதே வியாழன் இரவைத்தான். ஆங்கிலத்தில் "ஃபிரைடே நைட்" என்றால் ஜும்ஆ தொழுகை முடிந்து, மாலையும் கழிந்து வருகின்ற இரவு. இதைக் கடையில் இப்படிக் கற்பனை செய்து பாருங்கள்:

"மாமா, சீனக் கடைக்காரர் சரக்கு எப்போது வேண்டுமென்று கேட்டார். பை ஃபிரைடே நைட் என்று போட்டுவிட்டேன்."

"ஏன் தம்பி, வெள்ளிக்கிழமை காலை மௌலிது வீட்டுக்குச் சாமான் போக வேண்டுமே! வெள்ளி இரவு என்று நான் சொன்னது வியாழக்கிழமை ராத்திரியை அல்லவா?"

மருமகன் எழுதிய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் சாமான் ஒரு நாள் பிந்திவிடும். வெளியாருக்கு எழுதும்போது "பை தர்ஸ்டே நைட்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும். "அஸருக்குள்", "மஃரிபுக்குள்" என்பனவும் நமக்குள் மிக நேர்த்தியான தவணைச் சொற்கள். மற்றவருக்கு மணியாக்கிச் சொல்ல வேண்டும். மஃரிபு நேரம் மாதத்துக்கு மாதம் நகர்கிறது என்பதையும் மறவாதீர்.

ரமலானுக்குப் பேரீச்சம்பழம் வரவழைப்பவர் "பை தி ஃபர்ஸ்ட் ஆஃப் ரமலான்" என்று எழுதுவதும் இத்தகையதே. முதல் நோன்பு எந்த நாள் என்பது முந்திய மாலையில்தான் மலேசியாவில் அறிவிக்கப்படுகிறது. ஹிஜ்ரி ஆண்டோ ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. சென்ற வருஷத்துத் தேதி இவ்வருஷத்துக்கு உதவாது. நோன்புக்கு இரண்டு வாரம் முன்னதாக ஓர் ஆங்கிலத் தேதியைக் குறித்து, "பை" போட்டு எழுதுவதே வழி.

இனி மாதக் கடைசி. "பை தி எண்ட் ஆஃப் தி மன்த்" என்ற தொடர் நம் கடிதங்களில் தாராளமாக வருகிறது. சொல்ல எளிது. கடைசி நாளும் இதில் அடக்கம். 28 ஆனாலும் 31 ஆனாலும் சரி. ஆனால் நம் வட்டாரத்தில் கடனுக்குச் சாமான் எடுப்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சம்பள காலம் முடிந்த ஏழாம் நாளுக்குப் பிந்தாமல் முதலாளி சம்பளம் கொடுத்துவிட வேண்டும். அதாவது மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை முதலாளிக்குத் தவணை இருக்கிறது. தோட்டத்துக்கும் இதே விதி, தொழிற்சாலைக்கும் இதே விதி. பற்று வைத்தவர் 7ஆம் தேதி வாக்கில் நம்மிடம் கட்டுவாரென்றால், நாம் பினாங்குக்கு மாதக் கடைசிக்குள் கட்டுவதாக எழுதுவது எப்படிப் பொருந்தும்? "பை தி டென்த்", பத்தாம் தேதிக்குள், என்று எழுதுங்கள். முதலில் கேட்கும்போது மொத்த வியாபாரி முகம் சுளிக்கலாம். பத்தாம் தேதி பணம் வந்து சேர்ந்தால் அடுத்த மாதம் சுளிக்கமாட்டார். பணத்துக்கும் சொல் தவறாமைக்கும் தமிழில் நாணயம் என்ற ஒரே சொல்தானே இருக்கிறது.

அரசாங்கத்துக்குக் கட்டுபவற்றிலும் இந்தப் "பை" வருகிறது. ஊழியர் சேமநிதிக்குரிய தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். "பை தி ஃபிஃப்டீன்த்". 15ஆம் தேதியும் சேர்ந்ததே. 16 சேராது.

வெள்ளிக்குள் என்றால் வெள்ளி நள்ளிரவு பன்னிரண்டு வரையா? இதைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஒரு குறித்த நாளில் செய்வதாகச் சொன்ன காரியத்தை அந்த நாளின் வழக்கமான வியாபார நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது. அதற்குக் காட்டும் உதாரணம் நம் கிடங்குகளில் நடப்பது போலவே இருக்கிறது: ஜனவரி முதல் நாள் சரக்கைக் கொண்டுவந்து தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அதே நாளில்தான் கொண்டுவருகிறார். ஆனால் கிடங்கு வழக்கமாக மூடும் நேரம் கடந்துவிட்டது, சரக்கை ஏற்கவில்லை. அவர் சொன்னபடி செய்யவில்லை என்பதே சட்டத்தின் முடிவு. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு, தவணையே முக்கியம் என்று இரு தரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் தவணை தவறினால், பெற வேண்டியவர் அதை ரத்துச் செய்துகொள்ளலாம் என்கிறது. பெருநாள் துணி பெருநாளுக்குப் பின் வந்தால் யாருக்கு வேண்டும்? அத்தகைய சரக்குக்கு எழுதும்போது, "டைம் இஸ் ஆஃப் தி எஸன்ஸ்" என்ற தொடரைச் சேர்ப்பது ஆங்கில வியாபார வழக்கம். தவணையே இதில் உயிர் என்பது கருத்து. சாதாரணச் சீனி, உப்புக்கு இதை எழுதினால் சிரிப்பார்கள்.

தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் புதிதன்று. குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், இந்த விஷயத்தையே பேசுகிறது. "எஸோக் லூசா" என்றும், "இரண்டொரு நாளில்" என்றும் சொல்லி ஓட்டுவதற்கு அங்கே இடமில்லை. தவணை குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

"பை"யோடு சேர்ந்து வரும் சிறு தொடர்கள் சில உண்டு. பேச்சில் மிகவும் உதவும். "பை நவ்" என்றால் இந்நேரம்: "தி லாரி ஷுட் ஹேவ் கம் பை நவ்." இந்நேரம் லாரி வந்திருக்க வேண்டும். "பை தென்" என்றால் அதற்குள்: "கம் அட் நைன்; தி ரொட்டி வில் பி ரெடி பை தென்." ஒன்பதுக்கு வாருங்கள், அதற்குள் ரொட்டி தயாராகிவிடும். "பை தி டைம்" என்றால் "இன்னது நடப்பதற்குள்": "பை தி டைம் ஐ ரீச்ட் தி பாங்க், இட் ஹாட் க்ளோஸ்ட்." நான் பாங்கிக்குப் போய்ச் சேருவதற்குள் மூடிவிட்டார்கள். இங்கே "ஹாட்" வருவதைக் கவனிக்க. முந்தி முடிந்துபோன காரியத்துக்கு அது அடையாளம். இனி முடியப்போகும் காரியமாக இருந்தால் "வில் ஹேவ்": "பை சிக்ஸ், வீ வில் ஹேவ் க்ளோஸ்ட் தி அக்கவுண்ட்ஸ்." ஆறு மணிக்குள் கணக்கை முடித்திருப்போம்.

"லேட்டஸ்ட் பை ஃபிரைடே" என்று நம் நாட்டில் பலரும் எழுதுகிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். "பை ஃபிரைடே, அட் தி லேட்டஸ்ட்" என்பதே முறை. ஆனாலும் வியாபாரத்தில் அது எல்லாருக்கும் விளங்குகிறது. அதற்காக யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து துணி, மசாலை வரவழைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. "பை ஃபைவ் பி. எம்." என்றால் யாருடைய ஐந்து மணி? இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே ஐந்தானால் இங்கே ஏழரை. பெரியவர்கள் சிலர் இன்னும் இரண்டு மணி வித்தியாசம் என்று சொல்லக் கேட்கலாம். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளுவதற்கு முந்திய கணக்கு அது. மணிக்குப் பின்னால் "மலேசியன் டைம்" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுக.

பயிற்சிக்கு ஐந்து வாக்கியங்கள். கீழே விடை இருக்கிறது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் சொல்லிப் பாருங்கள்.

1. 30ஆம் தேதிக்குள் பாக்கியைக் கட்டிவிடுகிறேன்.
2. பில் தேதியிலிருந்து 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்.
3. வியாழன் வரை சரக்கை உங்கள் கிடங்கில் வைத்திருங்கள்.
4. நீங்கள் வருவதற்குள் அரிசி விற்றுப் போய்விட்டது.
5. வெள்ளி இரவு, மஃரிபுக்குப் பின் எட்டு மணிக்குள் வருகிறேன்.

விடைகள்:

1. "ஐ வில் பே தி பாலன்ஸ் பை தி தர்ட்டியத்."
2. "பேமென்ட் இஸ் டியூ வித்தின் ஃபோர்ட்டீன் டேஸ் ஃப்ரம் தி இன்வாய்ஸ் டேட்." பில் போட்ட நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதே வழக்கம், மார்ச் 3ஆம் தேதி பில்லுக்கு 14 நாள் தவணை மார்ச் 17ஆம் தேதியோடு முடியும்.
3. "ப்ளீஸ் கீப் தி கூட்ஸ் இன் யுவர் ஸ்டோர் டில் தர்ஸ்டே."
4. "பை தி டைம் யூ கேம், தி ரைஸ் ஹாட் பீன் சோல்ட்."
5. "ஐ வில் கம் பை எயிட் ஆன் தர்ஸ்டே நைட்." இதில் "ஃபிரைடே" என்று சொன்னவர்கள் மேலே மாமாவும் மருமகனும் பேசிய இடத்தை மறுபடி படித்துக்கொள்ளவும்.